சுசூகி ஆல்ட்டோவா, வேகன் ஆரா, டொயோட்டா அக்வாவா, பழைய கொரொல்லா 121ஆ: மட்டக்களப்பு, அம்பாறை ரோட்டுக்கு எது சரிவரும்?

போன மாதம் களுவாஞ்சிகுடி பக்கம் இருந்து ஒரு ஆசிரியை கேட்டார்: "அண்ணன், கையில் இருக்கிற காசுக்கு நல்ல ஆல்ட்டோ ஒன்று வரும், இன்னும் கொஞ்சம் புரட்டினால் வேகன் ஆர், லீசிங் போட்டால் அக்வா. எங்கட மாமா என்னடாவென்றால் இதெல்லாம் காரா, 121 எடு என்கிறார். நான் எதை எடுக்க?" இதே கேள்வியைக் காத்தான்குடி தம்பி ஒருவர் கேட்டார், அக்கரைப்பற்றில் இருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) கேட்டார், வவுணதீவில் வெள்ளாமை செய்கிற ஒருவரும் கேட்டார். நாலு பேருக்கும் நான் சொன்ன பதில் நாலு விதம். காரணத்தோடு ஒரு முறை விரிவாக எழுதிவைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் நினைவில் வையுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த அதே கார்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. வயது கூடக் கூட விலை இறங்க வேண்டிய சாமான், வயது கூடியும் விலை ஏறியது. திறந்த பிறகும் புதிதாக வருவதன் வரி நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், நாம் இன்னமும் மூன்றாம், நாலாம் கைக் கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் "எந்த மாதிரி நல்லது" என்பதோடு "இந்த ஒரு கார் இதுவரை எப்படிப் பாவிக்கப்பட்டது" என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள். இதைக் கேட்டால் பலர் குத்துமதிப்பாக ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். இப்போது ஓடுகிற மோட்டார் சைக்கிளின் மீற்றரை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், நினைத்ததில் பாதிதான் வரும். காரை எடுத்த பிறகு கொஞ்சம் கூடும், ஆனால் இரட்டிப்பாகாது.

எந்த ரோட்டில். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்தில், கல்லடியில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை காப்பெட் ரோடு, எந்தக் காரும் ஓடும். பாலம் தாண்டி வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குள் போனால், பிரதான ரோட்டை விட்டு இறங்கிய உடனே கிரவல், மாரியில் சேறு. வட்டைக்குள், அதாவது வயல்களுக்குள் போகிறவருக்கும் டவுனுக்குள் ஓடுகிறவருக்கும் ஒரே கார் சரிவராது.

தண்ணீரும் உப்பும். கொழும்பில் இருந்து வருகிற கார் ஆலோசனைகளில் இது இருக்காது. நமக்கு இதுதான் பெரிய விடயம், கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எத்தனை பேர் ஏறுவீர்கள், வருடத்தில் எத்தனை முறை கண்டிக்கும் கொழும்புக்கும் போவீர்கள்.

பழுதானால் யார் திறப்பார். உங்கள் வீட்டில் இருந்து அரை மணி நேரத்துக்குள் அந்த வாகனத்தைத் திறந்து பழகிய ஒரு கை இருக்கிறதா? இல்லையென்றால் காரை லொறியில் ஏற்றி அனுப்புகிற செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாகக் காசு. கையில் இருப்பது முழுவதையும் காருக்கே கொடுத்துவிட வேண்டாம். எந்தப் பழைய காரை எடுத்தாலும் முதல் மூன்று மாதத்துக்குள் டயர், பற்றரி, ஒயில், பிரேக், இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை போகத்தான் போகிறது. பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குக் கார் பாருங்கள்.

## பெற்றோல் கணக்கு

எல்லோரும் லீற்றருக்கு எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சரி, கணக்காகவே பார்ப்போம். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை மாறினால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். ஏசி போட்டு, டவுனும் கொஞ்சம் வெளி ரோடுமாக ஓடும்போது நான் பார்த்த வாகனங்களில் ஆல்ட்டோ 800 லீற்றருக்கு 16 கிலோமீற்றர் அளவில் தந்தது, வேகன் ஆர் 17, அக்வா 20, கொரொல்லா 121 ஓட்டோ கியர் 10. நீண்ட ரோட்டில் முறையே 18, 20, 23, 13. கம்பனிக்காரர் சொல்கிற எண்கள் இதைவிட மிகக் கூட. அவை சோதனைக்கூடத்து எண்கள், நம் வெயிலுக்கும் ஏசிக்கும் வராது.

அந்த ஆசிரியை நாளுக்கு 30 கிலோமீற்றர், மாதம் 20 நாள், ஆக 600 கிலோமீற்றர் ஓடுகிறவர். ஆல்ட்டோவுக்கு மாதம் 11,250 ரூபாய், அக்வாவுக்கு 9,000. வித்தியாசம் 2,250 ரூபாய், வருடத்துக்கு 27,000. இந்த 27,000 ரூபாயைச் சேமிக்க எத்தனை இலட்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம், அதற்கு லீசிங் வட்டி எவ்வளவு போகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 600 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அக்வா மாதிரி ஹைபிரிட் (எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள கார்) பெற்றோலை மிச்சம் பிடிக்கிறது, காசை மிச்சம் பிடிக்கவில்லை.

மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுகிறவர் என்றால் கதை மாறும். மருந்துக் கம்பனிப் பிரதிநிதியாகப் பொத்துவிலில் இருந்து வாழைச்சேனை வரை ஓடுகிற ஒருவரை எனக்குத் தெரியும், அப்படிப்பட்டவருக்கு நீண்ட ரோட்டுக் கணக்கில் ஆல்ட்டோவில் 33,300, அக்வாவில் 26,100, 121இல் 46,200 அளவில் வரும். 121க்கும் அக்வாவுக்கும் மாதம் 20,000 ரூபாய் வித்தியாசம். அங்கே அக்வா தன் விலையைத் தானே மெல்ல மெல்லத் திருப்பித் தரும்.

## ஆல்ட்டோ 800

796 சிசி, மூன்று சிலிண்டர், ஐந்து கியர் மெனுவல். இந்தக் காரைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஞ்சின் சின்னது, எளியது. எந்த ஊர்க் கராச்சிலும் திறப்பார்கள், சாமான் கல்முனையிலும் கிடைக்கும், மட்டக்களப்பிலும் கிடைக்கும், பழுது வந்தால் செலவு ஆயிரங்களில் முடியும். கிரவல் ரோட்டிலும் பரவாயில்லை, நிலத்தில் இருந்து 16 சென்ரிமீற்றர் உயரம். ஒரு குறை, 12 அங்குலச் சின்னச் சக்கரம் என்பதால் பெரிய குழியில் ஆழமாக இறங்கி அடிக்கும். படுவான்கரையில் ஓடிய ஆல்ட்டோ என்றால் முன் சொக் அப்சோர்பர், லோவர் ஆர்ம் புஷ் இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

மறைந்த செலவு டைமிங் பெல்ட். 800இல் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள், பில் இல்லாமல் "போன வருடம்தான் மாற்றினேன்" என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய கிழமையே பெல்ட்டையும் டென்ஷனர் பெயாரிங்கையும் மாற்றிவிடுங்கள். கிளச்சையும் பாருங்கள்: மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு அக்சிலேட்டரை முழுவதுமாக மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது.

பாதுகாப்பு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014இல் குளோபல் என்கெப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800ஐ மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. டவுனுக்குள் 40இல் ஓடுகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. இரவில் பொலன்னறுவைப் பக்கம் 90இல் பறந்து கொழும்பு போகிறவர் என்றால் இந்தக் காரை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மகியங்கனையில் இருந்து கண்டிக்கு ஏறுகிற பதினெட்டு வளைவில் நாலு பேரும் பொதியுமாக ஏசி போட்டு ஏறினால் ஆல்ட்டோ திணறும், ஏசியை நிறுத்தித்தான் ஏற வேண்டும். அந்தப் பயணம் அடிக்கடி என்றால் 998 சிசி எஞ்சினோடு வருகிற ஆல்ட்டோ கே10ஐத் தேடுங்கள். அதில் டைமிங் செயின், பெல்ட் தலையிடியும் இல்லை.

## வேகன் ஆர்

ஜப்பானில் இருந்து வந்த 660 சிசி ரகத்தைச் சொல்கிறேன், இந்திய வேகன் ஆரை அல்ல. நம் ஊரில் அதிகம் ஓடுவது எஃப்எக்ஸ், எஃப்இசட், ஸ்டிங்ரே. உள்ளே இடம் தாராளம், முழங்கால் நோகிற வயதான அம்மா அப்பா குனியாமல் ஏறி இறங்கலாம், ஏசி நன்றாகக் குளிரும், ஓட்டோ கியர் என்பதால் புதிதாக ஓட்டப் பழகியவர்களுக்கு இலகு. வயதானவர்கள் இருக்கிற வீடென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேகன் ஆரை எடுக்கலாம், நான் பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஜப்பானில் இந்தச் சின்ன ரகக் கார்களுக்குச் சட்டப்படி நாலு பேர்தான். பதிவுப் புத்தகத்தில் எத்தனை ஆள் என்று போட்டிருக்கிறது என்பதை வாங்க முன்னர் பாருங்கள். அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் ஏறுகிற குடும்பம், ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது கூட்டி வைத்த அந்த ஒரு ஆள் பிரச்சினையாக வரலாம்.

"ஹைபிரிட்" என்று போர்ட் ஒட்டியிருப்பதைப் பார்த்து அக்வா மாதிரி என்று நினைக்க வேண்டாம். 2014இல் இருந்து வந்த ரகங்களில் ஸ்டார்ட்டரும் அல்டர்னேட்டரும் சேர்ந்த ஒரு சின்ன மோட்டார் பெல்ட்டில் இணைந்து எஞ்சினுக்குக் கை கொடுக்கிறது, அவ்வளவுதான். அதற்கான லிதியம் பற்றரி முன் பயணி சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் பெற்றோல் மிச்சமும் கொஞ்சம்தான்.

இதன் மறைந்த செலவு இரண்டு. முதலாவது சாதாரண பற்றரி. கார் நிற்கும்போது எஞ்சின் தானாக நின்று, பிரேக்கை விட்டவுடன் எழும்புகிற முறை இருப்பதால் இதற்கென்றே செய்த பற்றரிதான் போட வேண்டும், விலை கூட. விற்கிறவர் காசை மிச்சம் பிடிக்கச் சாதாரண பற்றரியைப் போட்டு, அந்த முறை வேலை செய்யாமல் இருக்கச் சுவிட்சையும் அமத்தி விட்டிருப்பார். நான் முதன்முதலில் வாங்கிய வேகன் ஆரில் எனக்கு நடந்தது இதுதான், பொனட்டைத் திறந்து பற்றரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கு நான் பார்த்திருந்தால் விலையில் குறைத்திருப்பேன். இரண்டாவது சிவிடி கியர், பற்சக்கரப் படிகளுக்குப் பதில் உள்ளே ஒரு பெல்ட்டில் ஓடுகிற ஓட்டோ கியர். இந்தக் கியருக்குச் சுசூகி சொன்ன ஒயிலே வேண்டும். சில இடங்களில் எந்த ஓட்டோ கியர் ஒயிலையும் ஊற்றிவிடுகிறார்கள், உடனே எதுவும் ஆகாது, கொஞ்ச நாளில் உள்ளே பெல்ட் வழுக்கத் தொடங்கும். பார்க்கப் போகும்போது இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு 20, 30 வேகத்தில் மெதுவாக மிதித்தால் உடம்பு நடுங்குகிற மாதிரி ஒரு அதிர்வு வந்தால் அந்தக் காரை விட்டுவிட்டு வாருங்கள்.

உயரமான உடம்பு, பாரம் குறைவு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாலங்களிலும் வயல் வெளிக்குள்ளும் காரைப் பக்கவாட்டில் தள்ளும். பழகிவிடலாம், ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

## அக்வா

1,496 சிசி எஞ்சின், முழு ஹைபிரிட். 121இல் இருக்கிற எஞ்சினின் அதே குடும்பம்தான், ஹைபிரிட்டுக்காக மாற்றிச் செய்தது. மெதுவாகப் போகும்போது எஞ்சின் நின்று மோட்டாரில் மட்டும் ஓடும், பிரேக் பிடிக்கும்போது பற்றரி சார்ஜ் ஆகும். ஆகவே நின்று நின்று ஓடுகிற டவுனில்தான் மற்றக் கார்களைவிட இதற்கு அனுகூலம் கூட. கிரான்குளத்தில் இருந்து கல்முனை வரை ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த அனுகூலம் குறைந்துவிடும். இதைப் பலர் மாற்றி நினைக்கிறார்கள்.

ஓட்ட அருமையான கார். கியர் பெட்டியில் பெல்ட்டும் இல்லை, கிளச்சும் இல்லை, பற்சக்கரங்கள்தான், பழுதாவது அரிது. பிரேக் பேட் வருடக்கணக்கில் தேயாது. எல்லோரும் பயப்படுவது பெரிய பற்றரியைப் பற்றி, அந்தப் பயம் பாதி நியாயம். பின் சீட்டுக்குக் கீழே இருக்கிற அந்த நிக்கல் பற்றரியைக் குளிர்விக்க ஒரு சின்ன காற்றாடி உண்டு. அது காற்றை இழுக்கிற வாய் பின் சீட்டுக்குப் பக்கத்தில் கீழே இருக்கிறது. வவுணதீவுப் பக்கம் ஒருவர் பின் சீட்டில் நெல் மூட்டை ஏற்றி ஏற்றி, அந்த வாய் முழுவதும் உமியும் தூசியும் அடைத்துப் பற்றரி சூடாகிச் செத்துப்போனது. பற்றரியில் பிழை இல்லை, மூச்சுத் திணறித்தான் செத்தது. வருடத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து துப்புரவாக்கினால் ஆயுள் நன்றாக நீளும்.

வாங்க முன்னர் ஸ்கேனர் போடாமல் அக்வாவுக்குக் காசு கொடுக்கக் கூடாது. பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜையும் ஓடும்போதே பார்க்க வேண்டும், நிற்கும்போது எல்லாம் ஒரே மாதிரித்தான் காட்டும். பாரம் கொடுக்கும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாக இறங்கினால் அது சாகிற பகுதி. ஸ்கேனர் இல்லாமல் ஒரு அடையாளம்: டாஷ்போர்ட்டில் பற்றரிக் கட்டங்கள் சட்டென்று நிறைந்து சட்டென்று காலியாகி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கொள்ளளவு போய்விட்டது. ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். மலிவுதான், ஆனால் மற்றப் பழைய பகுதிகளும் வரிசையில் நிற்கின்றன, சில மாதத்தில் அடுத்தது போகும்.

பற்றரியைவிட எனக்கு அதிகம் பயம் பிரேக் அக்சுவேட்டர், பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற பகுதி. பிரேக் மிதிக்கிற ஒவ்வொரு முறையும், மிதிக்காமல் நிற்கும்போதும்கூட, முன்பக்கம் ஒரு பம்ப் "ஸ்ஸ்ர்" என்று அடிக்கடி ஓடிக்கொண்டே இருந்தால் அது களைத்துவிட்டது. அந்தச் சாமான் விலை கூடியது, எல்லோரும் மாற்றத் தெரிந்தவர்களும் அல்ல. ஏபிஎஸ் விளக்கு எரிகிற அக்வாவை "சென்சர் மட்டும்தான்" என்று சொல்லி விற்க வருவார்கள், ஸ்கேன் போட்டு என்ன கோட் என்று பார்க்கும் வரை நம்ப வேண்டாம்.

அடுத்தது உயரம். நிலத்தில் இருந்து 14 சென்ரிமீற்றர்தான். கொக்கட்டிச்சோலையில் இருந்து உள்ளே தாந்தாமலைப் பக்கம் கிரவலில் மாதத்துக்குப் பத்து முறை போகிறவர் என்றால் அடிப்பக்கம் இடித்து இடித்தே கார் முடியும். ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம், ஹைபிரிட் பழகாத யாரையும் அதில் கை வைக்க விடவும் வேண்டாம்.

## கொரொல்லா 121

ஆசிரியையின் மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2000 தொடக்கம் 2006 வரை ஜப்பானில் செய்த கார், 1,496 சிசி, டைமிங் செயின். ஐந்து பேர் வசதியாக இருக்கலாம், டிக்கியில் ஒரு கல்யாணத்துக்கான சாமான் ஏறும், கொழும்புக்கு ஏழு மணி நேரம் ஓடியும் இடுப்பு நோகாது. எந்த ஊரிலும் திறப்பார்கள், சாமான் பழையதும் புதியதும் தாராளம்.

ஆனால் இதில் இளையதே இருபது வயதை நெருங்கிவிட்டது. ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும், ரேடியேட்டர், ஏசி கம்பிரசர், எஞ்சின் மவுண்ட், சொக், ஒன்று ஒன்றாக வரும், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை, வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெரியது. லீசிங்கும் இந்த வயதுக் காருக்கு இலகுவில் கிடைக்காது, கைக்காசுதான். எல்லாவற்றையும்விடத் துரு. கல்லடி, நாவலடி, மருதமுனை, திருக்கோவில் என்று கடற்கரை ஓரம் இருபது வருடம் நின்ற 121 வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து நிற்கும், கீழே படுத்துப் பார்த்தால் கதவுக்குக் கீழ்ப்பக்கத் தகடு உக்கிப்போயிருக்கும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, டிக்கியின் தரை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய புட்டிதான் இருக்கிறது. எஞ்சின் போனால் எஞ்சின் மாற்றலாம், உடம்பு உக்கினால் மாற்ற ஒன்றும் இல்லை.

குறைவாக ஓடுகிற, பெரிய குடும்பமுள்ள, வருடத்தில் நாலைந்து முறை தூரப் பயணம் போகிற, பழக்கமான மெக்கானிக் ஒருவர் கைவசம் உள்ளவருக்கு இன்றைக்கும் 121 நல்ல தெரிவு. அக்கரைப்பற்றுக் காக்காவுக்கு அதைத்தான் சொன்னேன், அவர் வீட்டில் ஐந்து பேர், கார் வெள்ளிக்கிழமையும் கல்யாண வீட்டுக்கும்தான் வெளியே வரும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஆல்ட்டோ 800 | வேகன் ஆர் | அக்வா | கொரொல்லா 121 |
|---|---|---|---|---|
| எஞ்சின் | 796 சிசி | 658 சிசி | 1,496 சிசி, ஹைபிரிட் | 1,496 சிசி |
| ஆட்கள் | 5, நெருக்கம் | 4 | 5 | 5, தாராளம் |
| மாதம் 600 கி.மீ., பெற்றோல் | ரூ. 11,250 | ரூ. 10,600 | ரூ. 9,000 | ரூ. 18,000 |
| மாதம் 2,000 கி.மீ. நீண்ட ரோடு | ரூ. 33,300 | ரூ. 30,000 | ரூ. 26,100 | ரூ. 46,200 |
| மறைந்த செலவு | டைமிங் பெல்ட், கிளச் | தனிப் பற்றரி, சிவிடி | பெரிய பற்றரி, பிரேக் அக்சுவேட்டர் | துரு, ரப்பர், ஏசி |
| கிரவல், சேறு | பரவாயில்லை | கவனம் | வேண்டாம் | பரவாயில்லை |
| வெள்ளம் ஏறினால் | காயவைத்து மீட்கலாம் | சீட்டுக்குக் கீழ்ப் பற்றரி போகலாம் | பெரும் செலவு | காயவைத்து மீட்கலாம், துரு வேகமாகும் |
| ஊர்க் கராச்சில் திறக்க | எங்கும் | பெரும்பாலும் | தேர்ந்த கை வேண்டும் | எங்கும் |

பழைய நிசான் லீஃப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 24 கிலோவாட் மணி பற்றரியோடு வந்த முதல் ரகத்தில் பற்றரியைக் குளிர்விக்கிற ஏற்பாடு கிடையாது, நம் வெயிலில் கொள்ளளவு வேகமாக இறங்கும். டவுனுக்குள் மட்டும், வீட்டில் சோலார் இருந்தால் யோசிக்கலாம். ஒரே காராக வேண்டாம்.

## வெள்ளத்தில் கிடந்த காரைக் கண்டுபிடிப்பது

2011 ஜனவரி வெள்ளம் நமக்கு மறக்காது. 2024 நவம்பரில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்ததும் மறக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல மாவட்டங்களில் வாகனங்கள் மூழ்கின. மூழ்கிய கார் கழுவித் துடைத்து வேறு மாவட்டத்தில்தான் விற்பனைக்கு வரும், ஏனென்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே எங்கிருந்து வந்த காராக இருந்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெளியே கழுவியிருப்பார்கள், சுருளுக்குள் இருக்கிற நுனியைக் கழுவ மாட்டார்கள், சேற்றுக் கோடு அங்கே இருக்கும். காப்பெட்டைத் தூக்கி மூக்கை வைத்து மணந்து பாருங்கள். சீட் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு, ஸ்பெயார் டயர் கிடக்கிற குழியில் மெல்லிய வண்டல், முன் விளக்குக்கு உள்ளே நீர்ப்புகை, இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஹைபிரிட்டில் ஒன்று இருந்தாலே வேண்டாம்.

மீற்றர் குறைத்திருப்பதைப் பற்றிச் சுருக்கமாக: பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் மினுங்கி, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருக்கிற கார், மீற்றர் 60,000 என்று காட்டினாலும் அதைவிட மிகக் கூட ஓடியிருக்கும். ஜப்பான் கார் என்றால் அங்கே ஏலத்தில் விற்றபோது கொடுத்த சீட்டைக் கேளுங்கள், அதில் அன்றைய மீற்றர் எழுதியிருக்கும்.

## விலை எப்படிப் போடுவது

விளம்பரத்தில் போடுவது கேட்கிற விலை, விற்கிற விலை அல்ல. அதே மாதிரி, அதே வருடம், பத்து விளம்பரம் எடுத்து, மிகக் கூடியது இரண்டையும் மிகக் குறைந்தது இரண்டையும் தள்ளிவிடுங்கள். மிச்சம் ஆறின் நடு விலை உங்கள் தொடக்கம். பிறகு ஒரு தாளில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கராச்சில் விலை கேட்டு எழுதிக் கழியுங்கள். நாலு டயர், பற்றரி, டைமிங் பெல்ட், சொக் என்று போகும்போதே விற்பவருக்கும் தெரியும் நீங்கள் சும்மா பேரம் பேசவில்லை என்று. "கடைசி விலை என்ன" என்று கேட்பதைவிட இந்தத் தாளை நீட்டுவது அதிகம் வேலை செய்கிறது.

கடதாசி விடயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா? சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் காரில் உள்ளதோடு பொருந்துகிறதா? முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதத்தைக் கண்ணால் காணும் வரை முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். ஓப்பன் பேப்பரில், அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு மூன்று நாலு கை மாறிய காரை மலிவு என்று எடுக்காதீர்கள். அந்த முதல் ஆள் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ உங்கள் பெயருக்கு மாற்றுவதற்குள் பட்டுப் போவீர்கள். வாங்கிய உடனே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றக் கொடுத்துவிடுங்கள்.

## அந்த நாலு பேருக்கும் சொன்னது

காக்காவுக்கு 121 என்று மேலே சொல்லிவிட்டேன். காத்தான்குடித் தம்பி கடைக்குச் சாமான் எடுக்க டவுனுக்குள்ளேயே நாள் முழுக்க நின்று நின்று ஓடுகிறவர், மாதம் 1,800க்குக் குறையாது, வீட்டில் இருந்து பத்து நிமிடத்தில் ஹைபிரிட் பார்க்கிற ஒரு கை இருக்கிறது. அவருக்கு அக்வா, ஸ்கேன் போட்டுத்தான். வவுணதீவுக்காரருக்கு நெல்லும் உரமும் ஏற்ற வேண்டும், அவருக்குக் கார் ஆல்ட்டோவே போதும், மூட்டைக்கு லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) இருக்கிறது, இரண்டையும் ஒன்றில் செய்யப் போகாதீர்கள் என்றேன்.

ஆசிரியைக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் பள்ளிக்கூடம், மாரியில் ரோட்டில் தண்ணீர், மாதம் 600 கிலோமீற்றர். கணக்குப்படி ஆல்ட்டோ. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மாதம் இரண்டு முறை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆல்ட்டோவின் தாழ்ந்த சீட்டில் இருந்து எழும்ப அவரால் முடியாது. வீட்டில் மொத்தம் நாலு பேர். அதனால் வேகன் ஆர் என்றேன். மூன்று கார் பார்த்தோம். முதலாவதில் சூடான பிறகு கியர் நடுங்கியது, இரண்டாவதில் சீட் பெல்ட்டில் சேற்றுக் கோடு. மூன்றாவதில் சாதாரண பற்றரி போட்டிருந்தது, அதை மட்டும் விலையில் கழித்து எடுத்தோம். பற்றரியை அடுத்த நாளே மாற்றியாகிவிட்டது. மாரி தொடங்க முன்னர் அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், வெள்ளம் ரோட்டில் ஏறுகிற நாட்களில் காரைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகச் சொல்லியும் இருக்கிறேன்.